ஏப்ரல் 6-ஆ, மார்ச் 25-ஆ? கிரீஸ் தேதில வர்ற குழப்பம்

கேள்வி: ஸ்கூல் பசங்களுக்கு க்விஸ் ரெடி பண்றேன் சார். முதல் நவீன ஒலிம்பிக்ஸ் ஏதென்ஸ்ல ஆரம்பிச்ச நாள் ஒரு புக்ல 1896 ஏப்ரல் 6, இன்னொன்னுல மார்ச் 25-னு போட்டிருக்கு. எதை விடையா வைக்கிறது? கிரீஸ்னாலே பல தேதி இப்படி ரெண்டு ரெண்டா வருது, இதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா?

பதில்: ரெண்டு புக்கும் கரெக்ட்தான், ரெண்டும் ஒரே நாள். அன்னைக்கு ஏதென்ஸ்ல மாட்டியிருந்த கேலண்டர்ல மார்ச் 25, அதே நேரம் பாரிஸ்ல, லண்டன்ல எல்லாம் ஏப்ரல் 6. கிழமை மட்டும் ரெண்டு பக்கமும் திங்கள். இதை மனசுல வச்சுக்கோங்க, கேலண்டர் மாறினாலும் கிழமை மாறாது, அதனால ரெண்டு தேதி ஒரே நாளான்னு சந்தேகம் வந்தா கிழமையப் பாத்தே பாதி முடிவு பண்ணிடலாம்.

காரணம் என்னன்னா, மேற்கு ஐரோப்பா எல்லாம் கிரிகோரியன் கேலண்டருக்கு எப்பவோ மாறியாச்சு, கிரீஸ் மட்டும் பழைய ஜூலியன் கேலண்டரையே 1923 வரைக்கும் விடாம பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த வருஷம் பிப்ரவரி 15, புதன்கிழமை. ராத்திரி படுத்து மறுநாள் எழுந்தா வியாழக்கிழமை, ஆனா தேதி மார்ச் 1. நடுவுல 16-லேருந்து 28 வரைக்கும் 13 தேதி அரசாங்கக் கேலண்டர்ல கிடையவே கிடையாது. நம்மூர்ல வாக்கியமா திருக்கணிதமான்னு சண்டை போடுறவங்களுக்கு இது சட்டுனு புரியும், ஆனா அங்க ஒரே ராத்திரில முடிச்சுட்டாங்க.

சரி, கணக்குக்கு வருவோம். பழைய தேதி 1800 மார்ச்லேருந்து 1900 பிப்ரவரி 28 வரைக்கும் இருந்தா 12 நாள் கூட்டணும், அதுக்கப்புறம் 1923 பிப்ரவரி 15 வரைக்கும் 13 நாள். ஏன் மாறுதுன்னா 1900-ஐ ஜூலியன்காரங்க லீப் வருஷமா எடுத்துக்கிட்டாங்க, கிரிகோரியன்ல அது லீப் இல்ல, அங்க ஒரு நாள் கூடிடுச்சு. நான் ஆரம்பத்துல ஒரு கட்டுரைக்காக எல்லாத்துக்கும் 13-னே கூட்டிட்டுப் போய், கிரீஸ் சுதந்திரப் போர்ல நடந்த நவரினோ கடற்போரை அக்டோபர் 21-னு போட்டு அனுப்பிட்டேன், எடிட்டர் போன் பண்ணி கேட்டப்பதான் முழிச்சேன். 1827 அக்டோபர் 8, கூட 12, அக்டோபர் 20. அவ்வளவுதான் விஷயம்.

இதே மாதிரி 1843 செப்டம்பர் 3 இருக்கு. அரசியல் சாசனம் வேணும்னு பட்டாளமும் மக்களும் அரண்மனை முன்னாடி வந்து நிக்க, ராஜா ஓத்தோ ஒத்துக்கிட்ட நாள். புதுக் கணக்குல அது செப்டம்பர் 15. ஆனா ஏதென்ஸ்ல இன்னைக்கும் ‘செப்டம்பர் 3 தெரு’ன்னுதான் ஒரு தெரு இருக்கு, அதைப் போய் 15-னு மாத்தி எழுதினா சிரிப்பாங்க. தெசலோனிகி நகரம் கிரீஸ் கைக்கு வந்த 1912 அக்டோபர் 26-க்கு 13 கூட்டினா நவம்பர் 8, ஆனா அந்த ஊர்க்காரங்க கொண்டாடுறது அக்டோபர் 26-லதான், ஊரோட காவல் புனிதர் திமித்ரியோஸ் திருவிழாவும் அன்னைக்கே.

ரொம்ப மாட்டிவிடுறது மார்ச் 25தான். 1821 சுதந்திரப் போர் தொடங்கின நாள்னு அதைச் சொல்லுவாங்க, கூட்டிப் பாத்தா ஏப்ரல் 6 வரும், ஆனா தேசிய விழா இன்னைக்கும் மார்ச் 25 தான், ஏன்னா மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாளோட சேத்து 1838-ல ஓத்தோ அரசு அதை அறிவிச்சுடுச்சு. உண்மைய சொல்லணும்னா சண்டை அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு, கலமாட்டா ஊரை மார்ச் 23-லயே பிடிச்சுட்டாங்க, அதனால க்விஸ்ல ‘போர் எந்த நாள் தொடங்கியது’ன்னு கேக்காதீங்க, ‘கிரீஸ் சுதந்திர தினம் எப்போ’ன்னு கேளுங்க, தகராறே வராது. ஒலிம்பிக்ஸ் தொடக்கமும் அந்த மார்ச் 25-ல வந்தது தற்செயல் இல்ல, சுதந்திர தினம்னு பாத்துதான் வச்சாங்க. அதுக்கு விடையா ‘ஏப்ரல் 6, கிரீஸ் பழைய கேலண்டர்படி மார்ச் 25’னு போட்டு, ரெண்டுல எது சொன்னாலும் மார்க் குடுத்துடுங்க.

சர்ச் ஆவணம் ஏதாவது பாத்தா மட்டும் கொஞ்சம் உஷாரா இருங்க. கிரேக்கத் திருச்சபை மாறினது 1924 மார்ச்லதான், அதனால நடுவுல ஒரு வருஷம் கவர்மென்ட் ஒரு தேதி, கோயில் ஒரு தேதி. ஈஸ்டரை இன்னைக்கும் பழைய கணக்குலதான் பாக்குறாங்க, அத்தோஸ் மலை மடங்கள்ல மொத்தமுமே பழசுதான்.

1923 மார்ச்சுக்கு அப்புறம் வர்ற அரசாங்கத் தேதி எதுலயும் கை வைக்காதீங்க, இத்தாலி சர்வாதிகாரி முசோலினிக்கு கிரீஸ் ‘முடியாது’ன்னு சொன்ன 1940 அக்டோபர் 28 அப்படியே அக்டோபர் 28 தான்.

க்விஸ்ல பசங்களைக் கொஞ்சம் சுத்தல்ல விடணும்னா, ‘1923 பிப்ரவரி 20 அன்னைக்கு கிரீஸ் அரசாங்கம் என்ன செஞ்சுச்சு’ன்னு ஒரு கேள்வி போட்டுப் பாருங்க.