வாகனப் பக்கம்: சூட்டில் பிடிக்காத ஆர்எக்ஸ்-8, உப்பில் அரிக்கும் பம்ப்

காத்தான்குடி வாசகர்: என்னிடம் 2004ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8 இருக்கிறது. ஆறு கியர் மெனுவல், மீற்றரில் 92,000. காலையில் ஒரே சாவியில் பிடிக்கும். கல்முனை வரை ஓடிப்போய், தேநீர் குடித்துவிட்டு வந்து திருப்பினால் பத்துப் பதினைந்து செக்கன் சுற்றியும் பிடிக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டால் பிடிக்கிறது. ஒருவர் ஸ்டார்ட்டர் என்கிறார், ஒருவர் பிளக் என்கிறார், இன்னொருவர் எஞ்சின் முடிந்தது, விற்றுவிடுங்கள் என்கிறார். கொம்பிரஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்த்த இடத்தில் 105 பிஎஸ்ஐ, நன்றாக இருக்கிறது என்றார்கள். யாரை நம்புவது?

பதில்: மூன்றாமவர் சொன்னதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அதை நிரூபிக்காமல் விற்கவும் வேண்டாம், எஞ்சினை இறக்கவும் வேண்டாம்.

இது ரோட்டரி எஞ்சின், இதில் பிஸ்டன் இல்லை. முக்கோண ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று முகம். முக்கோணத்தின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல்கள்தான் காற்றைப் பிடித்து வைக்கின்றன. அவை தேய்ந்தாலோ, அவற்றின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ இடைவெளி விழும். ஆறிய எஞ்சினில் ஒயில் தடிப்பாக இருந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். சூடானதும் ஒயில் நீர்த்துப்போகும், ஸ்டார்ட்டரும் சூட்டில் மெதுவாகச் சுற்றும். இரண்டும் சேர்ந்தால் நீங்கள் எழுதியதுதான் நடக்கும்.

அந்த 105ஐ மறந்துவிடுங்கள். சாதாரண கொம்பிரஷன் கேஜில் உள்ள சிறிய வால்வு, மூன்று முகங்களில் மிகக் கூடியதை மட்டும் பிடித்து வைத்துக் காட்டும். மூன்று பிள்ளைகளில் ஒருத்தி சித்தியடைந்ததும் வீட்டில் எல்லாரும் சித்தி என்று சொல்வது போன்ற கணக்கு அது. ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் கிடைத்தால் அதுவே சரி. கிடைக்காவிட்டால் அதே கேஜின் வால்வைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கவேண்டும். இக்னிஷன் கொயில்களின் இணைப்பைக் கழற்றி, ஒரு ரோட்டரின் ஒரு பிளக் துவாரத்தில் கேஜைப் பூட்டுங்கள். அக்சிலேட்டரை அடிமட்டம் வரை மிதித்தபடி சுற்றினால் பெற்றோல் வராது, காற்று மட்டும் போகும். ஊசி துள்ளுவதைக் கைத்தொலைபேசியில் ஸ்லோ மோஷனில் படம்பிடியுங்கள். மூன்று துள்ளலும் ஒரே உயரமாக இருக்கவேண்டும். ஒன்று தாழ்ந்தால் அந்த முகத்தில் சீல் போய்விட்டது.

நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் புது எஞ்சின் 830 கிலோபாஸ்கல், ஏறக்குறைய 120 பிஎஸ்ஐ தரும். கடைசி எல்லை 680, அதாவது 99 பிஎஸ்ஐ. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 150 கிலோபாஸ்கலுக்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கிடையே 100க்கு மேலும் வித்தியாசம் கூடாது. சுற்றும் வேகத்தைக் குறிக்காமல் தரப்படும் எண்ணுக்குப் பெறுமதி இல்லை.

எண்கள் எல்லைக்கு மேலே வந்தால் பற்றரி, ஸ்டார்ட்டர், கொயில் என்ற வரிசையில் போங்கள். ஆரம்பகால கார்களின் ஸ்டார்ட்டர் மெதுவானது. பின்னர் வந்த வேகமான ஸ்டார்ட்டரை மாற்றினால் எல்லையோரத்தில் நிற்கும் எஞ்சினும் கொஞ்சக்காலம் பிடிக்கும். நோய் மாறாது, தவணை கிடைக்கும். கொயில் நான்கையும் 50,000 கிலோமீற்றருக்கு ஒருதடவை சேர்த்து மாற்றுவது நல்லது. பலவீனமான கொயிலால் எரியாத பெற்றோல், புகைக் குழாயில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கி அடைக்கும். அடைபட்ட கொன்வேர்ட்டர் எஞ்சினைத் திருப்பிச் சுடும். ரோட்டரிகள் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன. பிளக் நான்கும் ஒரே வகை அல்ல. கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது ட்ரெயிலிங், அவற்றின் இலக்கங்கள் முறையே எல், ரி என்று முடியும். இடம் மாறிப் பூட்டக்கூடாது. இடது முன் சில்லைக் கழற்றினால் கை எட்டும்.

எல்லைக்குக் கீழே வந்தால் எஞ்சினைப் பிரித்துக் கட்டத்தான் வேண்டும். யப்பானிலிருந்து வரும் பாவித்த எஞ்சினை வாங்கிப் பூட்டச் சொல்வார்கள். சூட்டில் எடுத்த ஆறு முகங்களின் எண்களையும் எழுதித் தராவிட்டால் தொடவேண்டாம். அதுவும் உங்கள் எஞ்சினின் வயதுதான், கூலன்ட் சீல் ரப்பரும் அதே அளவு இறுகியிருக்கும்.

ஏறாவூர் வாசகர்: அதே ஆர்எக்ஸ்-8 வகைதான் நானும் ஓடுகிறேன். 2,000 கிலோமீற்றருக்குள் ஒரு லீற்றர் ஒயில் குறைகிறது. புகை இல்லை. பழுதா?

பதில்: இல்லை. சீல்களுக்கு எண்ணெய் பூசுவதற்காகவே சிறு பம்ப் ஒன்று எஞ்சின் ஒயிலை உள்ளே செலுத்துகிறது. குறையாவிட்டால்தான் பயப்படவேண்டும்: ஒயில் செல்லும் குழாய் அடைபட்டிருக்கலாம். ஒன்றுவிட்டு ஒரு தடவை பெற்றோல் அடிக்கும்போது ஒயில் ஸ்டிக்கைப் பாருங்கள், 5,000க்கு ஒருதடவை முழுதாக மாற்றுங்கள்.

பெற்றோலில் ரூ-ஸ்ட்ரோக் ஒயில் கலப்பவர்கள் உண்டு. கெடுதி இல்லை. 40 லீற்றருக்கு 160 மில்லிலீற்றர் போதும். ஆனால் வள்ளத்து மோட்டாருக்கு விற்கும் ஒயிலை ஊற்றவேண்டாம், அது தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்குச் செய்தது. மோட்டார் சைக்கிளுக்குரிய ஜாசோ எஃப்டி தரத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, கராஜிலிருந்து வாசலுக்கு எடுத்துவிட உயிர்ப்பித்து உடனே நிறுத்தாதீர்கள். ஆறிய ரோட்டரி பெற்றோலில் மூழ்கிவிடும். தள்ளுங்கள், அல்லது ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: 2006ஆம் ஆண்டு சுபாரு இம்பிரேசா எஸ்ரிஐ, 118,000 கிலோமீற்றர். 92 ஒக்ரேன் பெற்றோல் அடித்தாலும் 95 அடித்தாலும் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. 92 போதுமா? ரைமிங் பெல்ட் மாற்றியதற்குத் துண்டு (பில்) ஏதும் இல்லை. மூடியைத் திறந்து பார்த்தேன், வெடிப்பு இல்லை.

பதில்: வித்தியாசம் தெரியாததற்குக் காரணம், உங்களுக்காக எஞ்சினின் கணினி விட்டுக்கொடுப்பதுதான். யப்பானில் 100 ஒக்ரேன் என்று விற்கும் பெற்றோலுக்கென்று இசைத்த எஞ்சின் இது. 95 ஊற்றும்போதே ஒரு படி இறங்கிவிட்டீர்கள். 92இல் பெற்றோல் தானாக வெடித்து எஞ்சின் தட்டும், அதுதான் நொக். நொக் சென்சர் அந்தச் சத்தத்தைக் கேட்க, கணினி தீப்பொறியைப் பின்தள்ளிக்கொண்டே போகும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் போய், பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறும்போது நாலாம் கியரில், 2,500 சுற்றில், அக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். நொக் அடிக்கும்போது பிஸ்டனில் ரிங் உட்கார்ந்திருக்கும் மெல்லிய வரம்பு வெடிக்கும். பிறகு நீலப் புகை, பிறீதர் குழாய் வழியே ஒயில்.

ஆகவே 95. அது இல்லாத நாளில் 92 அடித்தால், ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கி மெல்ல மிதித்து டர்போ அழுத்தம் ஏறாமல் ஓடுங்கள். போத்தலில் விற்கும் பெற்றோல் எந்த நாளிலும் வேண்டாம். அதில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் ஒக்ரேன் இன்னும் விழும்.

பெல்ட் விடயத்தில் துண்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் கணக்கு. 100,000 கிலோமீற்றர் அதன் தவணை. அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். வெடிப்பு இல்லாதது ஆறுதல் அல்ல, பெரும்பாலும் பெல்ட்டுக்கு முன் போவது அதைத் தாங்கும் உருளைகள். ஐட்லர் என்பது அந்த உருளைதான், பல் வைத்த ஐட்லரின் பெயரிங் காய்ந்து இறுகினால் புதுப் பெல்ட்டும் கழன்றுவிடும். ஆகவே பெல்ட், அதை இறுக்கி வைக்கும் டென்ஷனர், ஐட்லர்கள், வோட்டர் பம்ப், தேர்மோஸ்டாட், முன்பக்க ஒயில் சீல்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். வேலை செய்பவரிடம் ஒன்றை மட்டும் நின்று பாருங்கள். டென்ஷனரின் தண்டை உள்ளே அழுத்தும்போது அதை நிமிர்த்தி வைத்து, மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக அழுத்தவேண்டும். வைஸில் வைத்து ஒரே முறுக்கில் அழுத்தினால் உள்ளே இருக்கும் சீல் போய்விடும். கொஞ்ச நாளில் பெல்ட் தளரும், பழி பெல்ட்டின் மேல் விழும்.

இந்த எஞ்சினுக்கு ஒயில் குறைவு ஆகவே ஆகாது. ஸ்டிக்கின் இரண்டு பக்கமும் இரண்டு அளவு காட்டும், குறைந்ததை எடுங்கள்.

கல்லடி வாசகர்: லான்சர் எவலூஷன் 10, ஓடியது 74,000 மட்டும். டாஷ்போர்டில் நாலு சில்லு இழுவைக்குரிய எச்சரிக்கை வருகிறது. அழித்துவிட்டாலும் இரண்டு நாளில் திரும்பவும் வருகிறது. இவ்வளவு குறைந்த ஓட்டத்தில் ஏன்? வீடு கடலுக்குப் பக்கம்.

பதில்: கடைசி வசனத்தில் பதிலும் இருக்கிறது. உப்பு கிலோமீற்றர் பார்ப்பதில்லை. முன்-பின் இழுவையையும் பின் சில்லுகளின் பங்கையும் ஆளும் ஹைட்ரோலிக் பம்ப், பின் சில்லின் வளைவுக்கு அப்பால் சேறும் தண்ணீரும் படும் மூலையில் இருக்கிறது. வளைவின் உள்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். அலுமினியத்தில் வெள்ளைப் பொடியும், இணைப்பின் பின்னில் பச்சையும் இருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. பச்சை மட்டும் என்றால் சுத்தம் செய்து கொன்டக்ட் கிளீனர் அடித்து, டைஇலெக்ட்ரிக் கிறீஸ் வைத்துப் பார்க்கலாம். பம்பே போயிருந்தால் புதியதைப் பூட்டிய பின் ஸ்கேனரைக் கொண்டே காற்று எடுக்கவேண்டும். கையால் எடுத்தால் எச்சரிக்கை போகாது.

இரண்டு கிழமைக்கு ஒருதடவை அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஆனால் எந்தத் தண்ணீரில்? வாவியோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர். அதில் கழுவினால் உப்பை நீங்களே பூசியதாகும். ஒரு கறுப்புத் தகட்டில் சிறிது ஊற்றி வெயிலில் காயவையுங்கள். வெள்ளையாகப் படிந்தால் குழாய்த் தண்ணீரைப் பாவியுங்கள். பிறேக் இரும்புக் குழாய்களையும் அப்போதே தடவிப் பாருங்கள், சொரசொரப்பாகச் செதில் எழும்பினால் மாற்றவேண்டும்.

ஒலுவில் வாசகர்: 60,000 ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, 140,000 ஓடியது ஒன்று. விலை வித்தியாசம் பெரிது. எதை எடுக்கலாம்?

பதில்: துண்டுகள் உள்ளதை. 140,000இல் ரைமிங் பெல்ட், கிளச், கூலன்ட், கியர் ஒயில் மாற்றிய திகதிகள் இருந்தால் அதுவே மேல். 60,000 உண்மையா என்று முதலில் பாருங்கள். யப்பான் ஏலத் தாளில் உள்ள கிலோமீற்றரும் சேசிஸ் இலக்கமும் பொருந்தவேண்டும். கதவோரத்திலும் பொனற்றின் கீழும் யப்பானிய சேர்விஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் திகதியும் ஓட்டமும் எழுதியிருக்கும். கிளச் பெடல் ரப்பர், சீற்றின் வலது ஓரம், கியர்க் கைபிடி மூன்றும் பொய் சொல்லாது. மூன்றும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

சம்மாந்துறை வாசகர்: மகன் கட்டாரில் இருக்கிறார். அவருடைய நிஸ்ஸான் 350இசட் பத்து மாதமாகக் கராஜில் நிற்கிறது. கிழமைக்கு ஒருதடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஐந்து நிமிடத்தை நிறுத்துங்கள் ஐயா. பெற்றோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. எஞ்சின் முழுதாகச் சூடேறாவிட்டால் அது ஒயிலிலும் சைலன்சரிலும் தங்கித் துருவாக்கும். ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரமும் பற்றரிக்குத் திரும்பாது. இரண்டு கிழமைக்கு ஒருதடவை அம்பாறை நகருக்குப் போய்த் திரும்பினால் போதும். அது முடியாதென்றால் தொடாமல் விடுவதே மேல்.

விடுவதென்றால் புது ஒயில் ஊற்றி, தாங்கியை நிரப்பி, பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். ரயரில் 40 பிஎஸ்ஐ காற்று. ஹேண்ட்பிறேக் போடாமல் சில்லுக்குக் கட்டை வையுங்கள். போட்டால் மாரியின் ஈரத்தில் ஹேண்ட்பிறேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்ரிக் விரிப்பால் மூடவேண்டாம், உள்ளே வியர்க்கும். பருத்தித் துணி போதும்.

வயல் பக்கம் என்பதால் எலி. அறுவடை முடிந்ததும் வீட்டுக்குள்தான் வரும், எயார் பில்டர் பெட்டிக்குள் வைக்கோல் கொண்டுபோய்க் கூடு கட்டும், வயரையும் கடிக்கும். பெட்டியின் வாயை மெல்லிய கம்பி வலையால் மூடி, மூடியிருக்கிறது என்று ஸ்டீயரிங்கில் ஒரு துண்டு கட்டிவிடுங்கள். மறந்துபோய் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. சூடு அடிக்கும்போது எழும் வயல் தூசியும் உமியும் ஏசி கொண்டென்சருக்கும் றேடியேட்டருக்கும் இடையில் அடைந்திருக்கும். முன்பக்கமிருந்து பார்த்தால் தெரியாது, மேல் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள்.

மகன் வந்ததும் வலையை எடுத்துவிட்டு, பிறேக் ஒயிலை மாற்றச் சொல்லுங்கள், அது நின்றாலும் ஈரம் உறிஞ்சும், இரண்டு வருடம்தான் அதன் காலம். முதல் 30 கிலோமீற்றர் 3,000 சுற்றுக்கு மேல் போகவேண்டாம். ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடத்தை நெருங்கிய ரயரோடு அறுகம்பே வீதியில் வேகம் பார்க்கவேண்டாம்.