எத்தனை விசில்? (வாசகர் கடிதம்)

வணக்கம் சார்,

போன வாரம் எலும்பு சூப் பத்தி எழுதினதுல "ஆறு விசில் விடுங்க"ன்னு போட்டிருந்தீங்க. எங்க குக்கர்ல ஆறு விசிலுக்கு அப்புறமும் எலும்பு கல்லு மாதிரி கிடக்கு, அக்கா வீட்ல நாலுக்கே கழண்டு வந்துடுது. யாரு சார் இந்த விசில் கணக்கை ஆரம்பிச்சது? குக்கரே அமெரிக்காக்காரன் உலகப்போர் சமயத்துல பண்ணினதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார், நிஜமா?

– சி., திண்டுக்கல்

வணக்கம்மா,

எலும்புல ஆரம்பிச்சீங்க பாருங்க, குக்கர் பொறந்ததே எலும்புக்காகத்தான். உங்க வீட்டுக்காரர் சொல்ற காலத்துக்கு இன்னும் இருநூத்தம்பது வருஷம் முன்னாடி போகணும். டெனிஸ் பாபின்னு ஒரு பிரெஞ்சுக்காரர், டாக்டருக்கு படிச்சுட்டு லண்டன்ல ராபர்ட் பாயில் கிட்ட உதவியாளா இருந்தவர் (ஸ்கூல்ல பாயில் விதின்னு மனப்பாடம் பண்ணோமே, அவரேதான்). 1679ல ராயல் சொசைட்டில (லண்டன் விஞ்ஞானிகள் சங்கம்) கெட்டியான ஒரு சட்டியை கொண்டுவந்து காட்டினார், 1681ல அதைப் பத்தி புத்தகமும் போட்டார், அதோட தலைப்புலயே எலும்பை மெதுவாக்குற மெஷின்னு இருக்கு. தூக்கிப் போடுற எலும்புலேருந்து சத்து எடுக்கலாம்ங்கறதுதான் யோசனை.

1682 ஏப்ரல் 12ம் தேதி சொசைட்டி ஆளுங்களுக்கு அதுலயே சமைச்சு விருந்து வெச்சிருக்காங்க. சாப்பிட்ட ஜான் ஈவ்லின்னு ஒரு சொசைட்டி ஆளு தன்னோட டைரியில எழுதி வெச்சுட்டார், மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் சீஸ் மாதிரி ஆயிடுச்சாம், அதுக்கு செலவான நிலக்கரி கால் கிலோ கூட இல்லையாம். கேஸ் சிலிண்டர் விலை பாத்து குக்கர் வைக்கிற நமக்கு இது நல்லாவே புரியும்.

சட்டி பெரிய விஷயமில்லைங்க, மூடியை இறுக்கி அடுப்புல வெச்சா வெடிக்கும்னு யாருக்கும் தெரியும். பாபினோட மூளை வேலை செஞ்சது மூடியில ஒரு ஓட்டை போட்டு, அது மேல ஒரு கம்பி வெச்சு, கம்பியோட நுனியில வெயிட்டை தொங்கவிட்டதுலதான். ஆவி ஜாஸ்தியானா வெயிட்டை தூக்கிட்டு வெளிய வந்துடும். நம்ம வீட்டு குக்கர் வெயிட்டுக்கு தாத்தா அதுதான்.

இப்ப உங்க விசிலுக்கு வரேன். பாபினுக்கும் இதே தலைவலிதான், உள்ள எவ்ளோ சூடுன்னு எப்படி தெரியும்? மூடி மேல ஒரு சின்ன குழி, அதுல ஒரு சொட்டு தண்ணி, பக்கத்துல மூணடி நூல்ல ஒரு குண்டு. சொட்டு காயறதுக்குள்ள குண்டு எத்தனை தரம் ஆடுதுன்னு எண்ணுவார்! அடுப்படியில நின்னு விசில் எண்றோமே, அதேதான்.

அப்புறம் 1690ல ஆவியால பிஸ்டனை நகர்த்துறது எப்படின்னும் எழுதினார், ஆனா மனுஷன் கடைசியில லண்டன்லயே காசில்லாம செத்துப்போனார்.

உங்க வீட்டுக்காரர் முழுசா தப்பில்ல. 1938ல நியூயார்க்ல ஆல்ஃப்ரெட் விஷர்னு ஒருத்தர் வீட்டு குக்கர் கொண்டுவந்தார், அடுத்த வருஷம் அங்க நடந்த உலகக் கண்காட்சியில பிரஸ்டோ குக்கர் வந்துச்சு. உடனே போர், அலுமினியமெல்லாம் அதுக்கு போயிடுச்சு. நம்மூர்ல ஹாக்கின்ஸ் ஆரம்பிச்சது 1959ல.

வெயிட் செய்யறது ஒண்ணே ஒண்ணு, அழுத்தத்தை சதுர இஞ்சுக்கு சுமார் 15 பவுண்டுல நிறுத்தும், அதனால தண்ணி 100க்கு பதிலா 121 டிகிரி கிட்ட கொதிக்கும். விசில் எத்தனை வரும்ங்கறது தீ, தண்ணியோட அளவு, கேஸ்கெட் இதையெல்லாம் பொறுத்தது, தீயை கூட்டி வெச்சா பத்து நிமிஷத்துல ஆறு விசிலும் வந்துடும், எலும்பு வெந்திருக்காது. நீங்க அதைத்தான் பண்ணியிருப்பீங்க, தப்பு என்னோடது, நிமிஷக் கணக்குல எழுதியிருக்கணும். முதல் விசில் வந்ததும் சிம்ல வெச்சுட்டு அரை மணி நேரம் விட்டுப் பாருங்க. கேஸ்கெட்டையும் ஒரு தடவை வளைச்சுப் பாத்துடுங்க, விறைச்சுப் போயிருந்தா மாத்திடுங்க.