நாலு பேருக்கும் விசாவாம், நாப்பது லட்சமாம்!

கேள்வி: ஹட்டன்ல ஹார்ட்வெயார் கடையில வேல செய்றேன். மனைவி நர்சரி டீச்சர், ரெண்டு புள்ளைங்க. யூகேக்கு கேர் விசாவுல (வயசானவங்க, நோயாளிகள பாத்துக்கிற வேல) நாலு பேரையும் அனுப்புறதா ஏஜென்ட் ஒருத்தர் 40 லட்சம் கேக்குறார். அம்மாவோட ஈபிஎஃப் காசு, நகை இருக்கு, மிச்சம் வட்டிக்கு எடுக்கணும். பாஸ்போர்ட் நாலும் குடுத்தாச்சி. இங்க இருந்தா புள்ளைங்களுக்கு என்ன எதிர்காலம்? போகலாமா?
– பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: போறதா வேணாமானு அப்புறம் பேசுவோம் தம்பி, அவரு காட்டுற கதவு இப்ப தொறந்தே இல்ல. கேர் வேலைக்குப் போறவங்க குடும்பத்த கூட்டிட்டுப் போறத யூகே 2024 மார்ச் 11ஓட நிப்பாட்டிடுச்சி. 2025 ஜூலை 22ல இருந்து வெளிநாட்டுல இருந்து புதுசா கேர் வொர்க்கர் எடுக்கிறதே இல்ல. அப்ப "நாலு பேருக்கும்"னா என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்க.

தொறந்திருந்த காலத்துலயும் லேசா இருக்கல. 2022க்கும் 2024க்கும் இடையில 470க்கு மேல கேர் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஆள் எடுக்கிற லைசன்ஸ் பறிபோச்சி, கம்பெனி லைசன்ஸ் போனா அங்க வேல செய்றவருக்கு சாதாரணமா 60 நாள்தான், அதுக்குள்ள வேற கம்பெனி புடிக்கணும் இல்லாட்டி வெளியேறணும். கடன் வாங்கிப் போனவங்க கதி என்ன ஆகியிருக்கும்னு நெனச்சிப் பாருங்க. தேயிலைத் தூருக்கடியில தேங்காயும் மாசியும் இருக்குனு சொன்ன கங்காணிய நம்பி கடனோட கப்பலேறுன சனத்தோட பேரன் நீங்க, இந்தக் கத புதுசா என்ன?

எனக்குக் கோவம் வந்தது அம்மா காசுல கை வச்சதுக்குத்தான். தோட்டத்துல ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கே 2021 வரைக்கும் கத்தின ஆளுங்க நாங்க. அந்தக் கணக்குல 40 லட்சம்னா 4000 பேரு (ஒரு நாள் வேல ஒரு பேரு). மாசம் 25 பேரு போட்டாலும் பதிமூணு வருஷத்துக்கு மேல மழையில அட்டைக்கடியில கொழுந்து எடுக்கணும் (அதுவும் வாய்க்கு ஒன்னும் எடுக்காம!). காசு போச்சினா அந்த மனுசி திரும்ப கைகாசுக்கு (அன்னன்னைக்கு கூலிக்கு) கொழுந்தெடுக்கப் போவாங்க, நீங்க வட்டிக்காரனுக்கு ஒளிஞ்சி நடப்பீங்க.

போகாதீங்கனு சொல்லல. 2022ல டீசல் லைன்ல நின்னவங்களுக்கு நாட்டுப்பற்று பாடம் எடுக்க எனக்கு மனசு இல்ல, புள்ளைங்களுக்காக யோசிக்கிறதும் நியாயம்தான். ஆனா முறையான வழி எதுலயும் முதல் நாளே குடும்பமா ஏத்தி அனுப்புறது குறைவு. ஜப்பான்ல பராமரிப்பு வேலைக்கு எடுக்கிறாங்க, அதுக்கு ஜப்பான் பாசைய என்4ங்கிற அடிப்படை அளவுக்குப் படிச்சி தொழில் பரீட்சையும் பாஸ் பண்ணணும், அந்த விசாவுலயும் பொண்டாட்டி புள்ளைங்கள கூட்டிட்டுப் போக ஏலாது. அப்படின்னா யாராவது ஒருத்தர் முதல்ல போகணும், யாருனு வீட்டுல பேசுனீங்களா? கடிதம் முழுக்க தேடிப் பாத்தேன், மனைவி என்ன சொல்றாங்கனு ஒரு வரி கூட இல்ல.

நாளைக்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989க்கு கோல் எடுங்க. ஏஜென்ட் லைசன்ஸ் நம்பர சொல்லி, அது இப்பவும் செல்லுமா, இந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கானு ரெண்டையும் கேளுங்க. நம்பர் கேட்டதும் அவரு கோவிச்சிக்கிட்டாருனா சண்டை போடாதீங்க, நாலு பாஸ்போர்ட்டையும் கையோட வாங்கிட்டு வந்துருங்க.