காப்பகத்தில் வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால் நம்மோடு ஒட்டுமா?

ஒட்டும். நன்றாகவே ஒட்டும். "குட்டியாக எடுத்தால்தான் பழகும் என்கிறார்கள், பெயரைக்கூட மாற்ற முடியாதாம்" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், காப்பகத்தில் ஒரு பெரிய நாய் ஏற்கெனவே உங்கள் மனதைப் பிடித்துவிட்டது, வீட்டில் யாரோ முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் நடந்தது.

நாங்கள் எடுத்தவனுக்கு அப்போதே நான்கு வயது இருக்கும் என்று மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். அதுவும் தோராயம்தான். ஏழு மாதத்துக்குள் எல்லாப் பல்லும் முளைத்துவிடும். அதன்பின் தேய்மானத்தையும் காரையையும் வைத்துக் கணிப்பதுதான். வந்த புதிதில் சோபாவுக்குப் பின்னால் போய்ப் படுத்தவன், நாங்கள் விளக்கை அணைத்த பிறகுதான் வெளியே வருவான். தட்டிலிருந்து ஒரு வாய் கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடி, தரையில் போட்டுத் தின்பான். திரும்ப வந்து அடுத்த வாய். யாராவது துடைப்பத்தை எடுத்தால் வயிறு தரையில் படப் பதுங்குவான். நாங்கள் யாரும் போய்த் தொடவில்லை, கொஞ்சவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு நடை, அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து, நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து முழு எடையையும் என் காலில் சாய்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள்! செருப்பைக் கடிப்பது, அழைப்பு மணிக்குக் குரைப்பது, சோபாவுக்கு உரிமை கொண்டாடுவது. பலர் இந்தக் கட்டத்தில்தான் "காப்பகத்தில் ஏமாற்றிவிட்டார்கள், அங்கே சாதுவாக இருந்ததே" என்று திருப்பிக் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே இருந்தது சாதுத்தனம் இல்லை, பயம். பயம் தெளிந்ததும் சொந்தக் குணம் வெளியே வருகிறது.

குட்டி வளர்ப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம்வரை குட்டி எதையும் சுலபமாகப் பழகிக்கொள்ளும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே சமயத்தில்தான் தடுப்பூசிகளும் தவணை தவணையாக 16 வாரம்வரை போகும், குட்டியின் உயிருக்கே உலை வைக்கும் பார்வோ வைரஸ் பயம் இருக்கும், ராத்திரி எழுந்து தரை துடைக்கவும் வேண்டும். வளர்ந்த நாயிடம் அதன் அளவும் சுபாவமும் ஓரளவு கண்ணெதிரே தெரிந்துவிடுகிறது.

காப்பகத்தில் உங்களைக் குடைந்து குடைந்து கேட்பார்கள். வாடகை வீடா, உரிமையாளர் சம்மதித்தாரா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்று. கோபப்படாதீர்கள். கேள்வியே கேட்காமல் கயிற்றைக் கையில் கொடுக்கும் இடத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். நீங்களும் பதிலுக்குக் கேளுங்கள்: யாரையாவது கடித்திருக்கிறதா, தனியாக விட்டால் என்ன செய்கிறது, கருத்தடை ஆகிவிட்டதா.

கருத்தடை என்றதும் ஒன்றைக் கொட்டித் தீர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் நாய் வந்ததிலிருந்து, தெரிந்தவர்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டால் முதல் வாட்ஸ்அப் எனக்குத்தான். அழுகிற பொம்மையோடு, "உங்களுக்குத்தான் பிராணிகள் என்றால் உயிராச்சே!" பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகலாம், அறுவை செய்துவிடுங்கள் என்றால், "பாவம், ஒரு தடவையாவது தாயாகட்டுமே" என்பார்கள். ஒருமுறை குட்டி போடுவதால் அதன் உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது. தாய்மை அவர்கள் வீட்டில், அட்டைப்பெட்டி மட்டும் என் வாசலிலா? என்னைக் கல்நெஞ்சக்காரி என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

சரி, உங்கள் விஷயம். முதல் சில நாள் கதவைத் திறக்கும் முன் வாரைப் பூட்டிவிடுங்கள். புது இடத்தில் மிரண்டு ஓடும் நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது. பெயரைத் தாராளமாக மாற்றலாம். புதுப் பெயரைச் சொல்லி உடனே ஏதாவது தின்னக் கொடுத்தால் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். என் மாமனார் மட்டும் இன்னும் காப்பகத்தில் வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அதற்கும் ஓடுகிறான், அவரிடம்தான் பிஸ்கட் அதிகம்.