விடிய விடியக் கூத்து, ஒற்றைக் கேமரா

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் திரை பிடித்தால் விடியும்வரை ஆட்டம்தான். வாத்தியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் இருக்கும்போதே முழுக்கூத்தையும் பதிவு செய்துவிட வேண்டும் என்று நாங்கள் நான்கைந்து பேர் பணம் சேர்த்திருக்கிறோம், ஒரு லட்ச ரூபாய். போன வருஷம் போனில் எடுத்ததில் படம் முழுக்கக் கருப்புப் பட்டைகள் ஓடின. முகவீணை ஊதும்போதெல்லாம் சத்தம் கிழிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் போன் சூடாகி நின்றே போனது.

இப்போது மிரர்லெஸ் வாங்கலாம் என்று பார்க்கிறோம். பழைய கேனான் எம்50, நிக்கான் இசட்30, சோனி இசட்வி-ஈ10 மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர், "60 ஃப்ரேமில் எடு, லாக்கில் எடு, அப்போதுதான் சினிமா மாதிரி வரும்" என்கிறார். எதை வாங்குவது, எப்படி எடுப்பது? கடைசி நாள் படுகளம் மட்டும் பகல் வெயிலில் நடக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

நண்பர் சொன்ன இரண்டையும் முதலில் தள்ளி வையுங்கள். அவர் தொழிலுக்கு அது சரியாக இருக்கலாம். கல்யாணத்தில் ஐந்து நிமிடம் எடுத்து, அதில் பத்து வினாடியை வெட்டிப் போடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடுகிற இயந்திரம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

எம்50-ஐ விட்டுவிடுங்கள். 4கே எடுக்கும்போது அது சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்துகிறது, ஆகவே 15 மில்லிமீட்டர் கிட் லென்ஸ் போட்டாலும் காட்சி குறுகிப்போகும். அதன் நல்ல ஆட்டோஃபோகஸும் 4கே-யில் வேலை செய்யாது. போதாக்குறைக்கு அரை மணிக்கு ஒருமுறை பதிவு நின்றுவிடும். இசட்30 இதைவிட எவ்வளவோ மேல். 4கே-யில் சென்சாரின் முழு அகலமும் கிடைக்கிறது, படமும் சுத்தமாக இருக்கும். ஆனால் 125 நிமிடம் ஒரே வீச்சில் ஓடும் என்று பெட்டியில் போட்டிருப்பது 1080-க்கு. 4கே-யில் அரைமணிச் சொச்சம்தான். ஹெட்போன் துளையும் கிடையாது. திரௌபதி சபதம் பாதியில் இருக்கும்போது மைக் ஒயர் கழன்றால் காலையில்தான் உங்களுக்குத் தெரியும்.

மிஞ்சுவது இசட்வி-ஈ10. 2021-இல் வந்த மாடல். அதற்குப் பிறகு 2024-இல் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது, பெரிய பேட்டரியும் 10-பிட் படமுமாக. அதை வாங்கினால் மைக்குக்கும் ட்ரைபாடுக்கும் கையில் காசு நிற்காது, பழையதே போதும். பதிவு நேரத்துக்கு வரம்பில்லை, மைக் துளையும் ஹெட்போன் துளையும் தனித்தனியாக உண்டு, யூஎஸ்பி-சி வழியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம். குறைகளும் உண்டு. உடலுக்குள் ஆட்டம் தாங்கும் அமைப்பு கிடையாது. 4கே-யில் கேமராவை வேகமாகத் திருப்பினால் பந்தல்கால்கள் சாய்ந்து தெரியும். நீங்கள் ட்ரைபாடில் வைத்து அசைக்காமல் எடுக்கப்போவதால் இரண்டும் உங்களைத் தொடாது. கையில் பிடித்துக்கொண்டு நடந்து எடுப்பவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கடையிலேயே மூன்று சோதனை செய்யுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 3200-இல் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள். அசையாத வெள்ளைப் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் வேண்டாம். கல்யாண மேடையில் லேசர் விளக்கு நேராக விழுந்த சென்சாரில் இப்படிக் கோடு விழுந்திருக்கும், அதைச் சரிசெய்ய முடியாது. அடுத்து, யூஎஸ்பி கேபிளையும் மைக் பின்னையும் சொருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். கடைசியாக, அரை மணி நேரம் 4கே ஓடவிடுங்கள். ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், வீடியோவுக்கு அது பொருட்டல்ல.

இனி அந்தக் கருப்புப் பட்டை. குற்றம் போனுடையது அல்ல, ஃப்ரேம் எண்ணிக்கையுடையது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி ஃபோகஸ் விளக்கு அதனால் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். ஷட்டர் 1/50 வினாடி என்றால் ஒவ்வொரு வரியும் சரியாக இரண்டு துடிப்பை வாங்குகிறது, எல்லா வரிக்கும் ஒரே வெளிச்சம். 30 அல்லது 60 ஃப்ரேமில் வழக்கமாக வைக்கும் 1/60-இல் ஒன்றரைக்கும் சற்று மேலான துடிப்புதான் கிடைக்கும். ஒரு வரிக்குக் கூடுதல், அடுத்ததற்குக் குறைவு. அதுதான் பட்டையாக ஊர்கிறது. ஆகவே 25 ஃப்ரேம், 1/50, இதை இரவு முழுக்கத் தொடாதீர்கள். கேமரா பால் (PAL) முறையில், அதாவது 25 ஃப்ரேமுக்கான வீடியோ முறையில், இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். யாராவது மாற்றி வைத்திருந்தால் ஒவ்வொரு தடவை போடும்போதும் 30 ஃப்ரேமுக்கான என்டிஎஸ்சி-யில் ஓடுவதாகத் திரையில் எழுத்து வரும். இந்தக் கேமராவில் 25 ஃப்ரேமுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. 30-இல் எடுத்தால் 4கே படத்தின் ஓரம் வெட்டுப்படும், 25-இல் முழு அகலமும் கிடைக்கும்.

ஜெனரேட்டரில் ஓடும் ஊர்களில் மட்டும் இந்தக் கணக்கு சற்றே பிசகும். ஜெனரேட்டர் துல்லியமாக 50-இல் நிற்காது, பட்டை மெதுவாக நகரும். ஆட்டக்களத்துக்கு நேராக இருக்கும் இரண்டு விளக்கையாவது துடிக்காத டிரைவர் வைத்த நல்ல விளக்காக மாற்றச் சொல்லுங்கள். கலர் மாறும் பார் விளக்குகளை மங்கவைத்தால்தான் அதிகம் துடிக்கும், முழு வெளிச்சத்தில் விடச் சொல்லுங்கள். நீலத்தையும் சிவப்பையும் முகத்தில் அடிக்கவே வேண்டாம். அரிதாரத்தின் மேல் சிவப்பு எல்இடி விழுந்தால் புருவக்கோடு, பொட்டு, மீசை எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகக் கலந்துவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

லாக் விஷயம், அதாவது பிறகு கலர் சரிசெய்வதற்காக வெளிறிய படமாகப் பதியும் முறை. இந்தக் கேமரா பதிவது 8-பிட். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான். எஸ்-லாக்3 அந்தப் படிகளை அகலமான வெளிச்ச வரம்புக்குப் பங்குபோட்டுத் தருகிறது. இரவில் ஆடுபவர்களுக்குப் பின்னால் இருப்பது கறுத்த வானமும் தோப்பும். கலர் சரிசெய்ய இழுத்த உடனே இருட்டில் படிக்கட்டுப் போலத் திட்டுகள் தெரியும், கூடவே மணல் தூவியதுபோல இரைச்சல். பிக்சர் ப்ரொஃபைலை அணைத்துவிட்டு நியூட்ரலில் எடுங்கள். வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். சிவப்பு உடை களத்துக்குள் வந்ததும் அது நிறத்தை மாற்றும், போனதும் திரும்பும். ஆட்டம் தொடங்குமுன் களத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லி அதை அளந்து பூட்டிவிடுங்கள்.

வெளிச்ச அளவும் மேனுவலில்தான். சுற்றிலும் இருட்டாக இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தை வெளுக்க வைக்கும். அளவுக்கு மீறி வெளுக்கும் இடத்தில் திரையில் கோடு காட்டும் ஜீப்ராவை 100-இல் வையுங்கள். புஜக்கட்டையிலும் கிரீடத்திலும் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளில் கோடு ஓடினால் ஓடட்டும். நெற்றியில், கன்னத்து வெள்ளைப் புள்ளிகளில் ஓடக்கூடாது, ஐஎஸ்ஓ-வைக் குறையுங்கள்.

லென்ஸில்தான் பணத்தைப் போட வேண்டும். கூடவே வரும் 16-50 கிட் லென்ஸ், 50 முனையில் எஃப்/5.6 (இந்த எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). எஃப்/2.8-இல் ஐஎஸ்ஓ 1600 போதும் என்கிற இடத்தில் இதற்கு 6400 வேண்டும். முடிந்தால் கேமராவை உடலாக மட்டும் வாங்கி, சிக்மா 30 மில்லிமீட்டர் எஃப்/1.4 போட்டுக்கொள்ளுங்கள். களத்திலிருந்து 20 அடி தள்ளி வைத்தால் சுமார் பதினைந்தரை அடி அகலம் படத்தில் விழும். ஆடுகளம் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். உங்கள் ஊர்க் களத்தை டேப் பிடித்து அளந்து, அகலத்தை 0.78-ஆல் வகுத்தால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று வந்துவிடும்.

அந்த 20 அடியில் எஃப்/2.8 வைத்து, ஃபோகஸைக் கையால் களத்தின் நடுவில் நிறுத்திவிட்டால் முன்னே 15 அடியிலிருந்து பின்னே 30 அடிவரை தெளிவாக இருக்கும். பின்பாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சும் அதற்குள் வந்துவிடும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடலாம். அணைத்தே தீர வேண்டும் என்றுகூடச் சொல்வேன். திரை பிடித்துக்கொண்டு வேஷக்காரர் பின்னால் நின்று பாடும்போது ஆட்டோஃபோகஸ் திரைத்துணியில் போய் ஒட்டிக்கொள்ளும். திரை விலகிய அந்தக் கணத்தில் முகம் மங்கலாக வந்து, பிறகுதான் தெளியும். முழு ராத்திரியில் தவறவிடக்கூடாத கணம் அதுதான்.

4கே எடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. உங்களிடம் இருப்பது ஒரே கேமரா. 4கே-யில் முழுக்களத்தையும் எடுத்து 1080-இல் வெளியிட்டால், தொகுக்கும்போது பாதி அகலத்தை வெட்டி எடுத்து அண்மைக் காட்சியாக வைக்கலாம். ஒரு கேமரா இரண்டாகிவிடும்.

அதில் 60 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 60 மெகாபிட்) தேர்ந்தெடுங்கள், ஆடுபவர்கள் தவிர மற்றதெல்லாம் நிற்கிற காட்சிக்கு 100 வீண். மணிக்கு 27 ஜிபி, எட்டு மணி நேரத்துக்கு 216 ஜிபி. 256 ஜிபி கார்டு ஒன்றில் அடங்கும். ஆனாலும் 128 ஜிபி இரண்டாக வாங்கி நடுச்சாமத்தில் மாற்றுங்கள், ஒன்று செத்தாலும் பாதியாவது மிஞ்சும். வேகத்துக்கு யூ3 அல்லது வி30 என்று போட்டது போதும். போலிக் கார்டுகள் நிறைய, வாங்கியதும் முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துச் சோதியுங்கள். பத்து இரவு எடுத்தால் இரண்டு டிபி தாண்டும், அதற்குப் பிரதி ஒன்று வேண்டும். ஹார்ட் டிஸ்க் இரண்டு என்பது உங்கள் ஒரு லட்சத்தில் யாரும் எழுதாத வரி. இப்போதே எழுதிவிடுங்கள்.

மின்சாரத்துக்கு 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று இரவு தாங்கும். கேமராவுக்குள் பேட்டரி இருந்தால்தான் யூஎஸ்பி மின்சாரத்தை எடுக்கும், அதனால் அதைக் கழற்றாதீர்கள். மெனுவில் யூஎஸ்பி பவர் சப்ளை ஆன், சூட்டில் தானாக அணையும் அளவு 'ஹை'. இந்த இரண்டாவதை மறந்தால் கேமராவும் உங்கள் போன் மாதிரியே நின்றுவிடும். திரையை உடலிலிருந்து விலக்கித் திறந்து வையுங்கள், முதுகுச்சூடு வெளியேறும். கேபிளை ட்ரைபாட் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். இருட்டில் பிள்ளைகள் ஓடுகிற இடம்.

சத்தம் கிழிந்ததற்கு வருகிறேன். கேமராவின் சொந்த மைக்கை நம்பாதீர்கள், அதை ஒத்திசைவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 32-பிட் ஃப்ளோட் பதிவுக்கருவி ஒன்று வாங்குங்கள், ஸூம் எச்1 எசென்ஷியல் போல. முகவீணை எவ்வளவு உரக்க ஊதினாலும், வாத்தியார் எவ்வளவு தாழ்ந்து பேசினாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். பின்பாட்டுக்காரர்களுக்கு முன்னால் நான்கைந்து அடியில், முகவீணைக்கு எதிர்ப்பக்கம் ஹார்மோனியத்தை ஒட்டி, பஞ்சுறை போட்டு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து ஒயர் இழுத்துக் கேமராவின் மைக் துளையில் நேராகச் சொருகக்கூடாது. அது லைன் அளவு, மைக்கிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு வலுவான சிக்னல், மைக் துளைக்குத் தாங்காது, போன வருஷத்தைவிட மோசமாகக் கிழியும். போனுக்கு விற்கும் காலர் மைக்கின் மூன்று வளையப் பின்னும் கேமராவில் சரியாகப் பேசாது, பின்னில் இரண்டு வளையம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

தனியாகப் பதிந்த ஒலி எட்டு மணி நேரத்தில் படத்தைவிட்டு மெல்ல விலகும், இரண்டு கருவியின் கடிகாரமும் ஒன்றல்ல. கட்டியக்காரன் வந்து சிரிக்கவைத்துக்கொண்டிருக்கும் இடைவெளிகளில், மணிக்கொரு தரம் இரண்டையும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டு, லென்ஸுக்கு முன்னால் ஒரு கைத்தட்டு. கட்டியக்காரன் பேச்சையும் முழுசாக வேண்டுமென்றால் நிறுத்தாமல் கைத்தட்டு மட்டும்.

படுகளத்துக்கு இத்தனை சிரமம் இல்லை. வெயிலில் 1/50-ஐ விடாமல் இருக்க, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். ஐஎஸ்ஓ 100, எஃப்/5.6 என்றால் நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைக்க வேண்டிவரும். 2 முதல் 5 ஸ்டாப்வரை திருகும் வேரியபிள் ஃபில்டர் ஒன்று போதும். சிக்மா 30-க்கு 52 மில்லிமீட்டர் அளவு. கடைசிவரை திருகினால் படத்தில் பெருக்கல் குறி போல நிழல் விழும், அதற்கு முன்னால் நிறுத்துங்கள். மண்ணில் கிடத்திய துரியோதனன் உருவம் நீளமானது. தரையிலிருந்து எடுத்தால் வெறும் மேடாகத்தான் தெரியும். பக்கத்து மாடியோ டிராக்டர் டிரெய்லரோ கிடைத்தால் ட்ரைபாடை அதன்மேல் ஏற்றுங்கள். கேமராவுக்கு ஒரு குடை.

ட்ரைபாட் இடத்தை வாத்தியாரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். வேஷக்காரர்கள் ஒப்பனை அறையிலிருந்து எந்த வழியாக வருவார்கள், பெண்கள் எந்தப் பக்கம் பாய் விரிப்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். முதல் நாள் இரவு முழுக்க எடுத்து, மறுநாள் பகலில் அரை மணியாவது பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். பிழை எதுவும் இருந்தால் அடுத்த திரை பிடிப்பதற்குள் சரிசெய்துகொள்ளலாம்.