பெற்றவளுக்குத் தெரியாத நேரமா?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது, பாலக்காட்டில் நர்ஸ். பொள்ளாச்சிப் பையன் ஒருவனை விரும்புகிறாள். நல்ல குடும்பம். ஆனால் இவளுக்கு லக்னத்துக்கு நாலில் செவ்வாய், செவ்வாய் தோஷம். பையனுக்குத் தோஷமில்லாத சுத்த ஜாதகம். சேர்த்தால் அவன் உயிருக்கு ஆகாது என்கிறார் ஜோசியர். என் அம்மா சொன்னபடி காலை 6:40 என்று ஜாதகம் எழுதினோம். மனைவி 6:10 என்பாள். அப்படியானால் லக்னமே மாறும், தோஷம் இல்லையாம். ஆனால் பிரசவ மயக்கத்தில் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒரு பிரசன்னம் பார்த்துவிடலாமா? விதியை மாற்ற முடியுமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஐயா, விதி இருக்கட்டும். ‘பிரசவ மயக்கத்தில் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

லேபர் ரூமுக்குள் இருந்தவள் உங்கள் மனைவி. அம்மா வராந்தாவில்தானே இருந்திருப்பார்? பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி வெளியே கொண்டுவர அரை மணி ஆகாதா? 6:40 பேத்தியைப் பாட்டி பார்த்த நேரமாகத்தான் இருக்கும். லக்னம் என்பது பிறக்கிற நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசி. ஒரு லக்னம் ஏறக்குறைய 2 மணி நேரம்; விளிம்பில் பிறந்த பிள்ளைக்கு அந்த அரை மணியில் நாலாமிடத்துச் செவ்வாய் ஐந்துக்குப் போய்விடும். 2, 4, 7, 8, 12 தான் தோஷம் என்கிறார்கள். (பன்னிரண்டில் ஐந்து வீடு! ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு இது இருக்கும், யோசித்துப் பாருங்கள்.)

இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். தெரிந்தும், பெற்றவள் பேச்சை ஒதுக்கிவிட்டு அந்த ஜாதகத்தையே தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள். மகளுடைய தலையெழுத்தை அன்று எழுதியது நீங்கள்தான். அம்மாவுக்கு மரியாதை கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அதற்காக மனைவியைப் பொய்யாக்க வேண்டுமா?

பிரசன்னத்துக்குப் பிறந்த நேரமே வேண்டாம். கேட்கப் போகிற நேரத்தை வைத்துச் சோழி போடுவார்கள். மனைவி சொல்வதை ஒப்புக்கொள்ளாமல் தப்பிக்க அது ஒரு வழி, அவ்வளவுதான். போகாதீர்கள்.

ஆஸ்பத்திரிக் காகிதம் வீட்டில் இருந்தால் தேடுங்கள், பிரசவ நேரம் அதில் இருக்கும். இல்லையென்றால் 6:10 தான். இன்று ராத்திரி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அன்று உள்ளே என்ன நடந்தது என்று கேளுங்கள். 26 வருஷத்தில் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்ட பிறகு, அவரையும் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய்ப் பேசி முடியுங்கள்.