இரவு இரண்டு மணிக்கு எழுந்து போகிறவர்

அன்புள்ள அக்கா,

பெயரை வெளியிட வேண்டாம். எனக்கு 53 வயது, மனைவிக்கு 48. திருமணமாகி 24 வருடம். ஒரு வருடமாக அவள் என் பக்கத்தில் முழு இரவு படுத்ததே இல்லை. இரண்டு மணிக்குப் போர்வையை உதறிவிட்டு எழுந்து கூடத்துக்குப் போய்விடுகிறாள். கை வைத்தால் தட்டிவிடுகிறாள். ஒன்றுமில்லாததற்குக் கோபம், அப்புறம் அழுகை. போன மாதம் நேராகவே கேட்டுவிட்டேன், என்னைப் பிடிக்கவில்லையா என்று. "என்னைச் சும்மா விடுங்க" என்றாள். எனக்கும் இப்போதெல்லாம் சில சமயம் உடம்பு ஒத்துழைப்பதில்லை. அதனால்தான் வெறுத்துவிட்டாளோ என்று தோன்றுகிறது. நெருங்கிய நண்பனிடம் சொன்னதற்கு, "இந்த வயசுல இதெல்லாம் ஒரு கவலையா" என்றான். அதற்கப்புறம் யாரிடமும் பேசவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் சொன்னது தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2007-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 57 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் 73 சதவீதம் பேர் உடலுறவு வாழ்க்கை தொடர்வதாகச் சொன்னார்கள். 65 முதல் 74 வயதில் அது 53 சதவீதம். 75-ஐத் தாண்டியவர்களிலும் கால்வாசிப் பேர். 53 வயதில் மனைவியின் அருகாமைக்கு ஏங்குவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இப்போது உங்கள் மனைவி. அவரை நான் பார்த்ததில்லை, அவர் மனதில் இருப்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் 48 வயது, இரவு இரண்டு மணி, உதறிய போர்வை, காரணமில்லாத கோபம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு என் குளியலறைத் தரைதான் நினைவுக்கு வந்தது.

எனக்கு 49-இல் தொடங்கியது. நெஞ்சுக்குள் திடீரென்று ஒரு சூடு கிளம்பும். கழுத்து, காது, முகம் என்று ஏறும். இரண்டு மூன்று நிமிடம்தான், அதற்குள் தலையணை உறை நனைந்துவிடும். திருப்பிப் போட்டுப் படுத்தால் அடுத்து குளிர் நடுக்கம். பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சுக்காற்றின் சூட்டைக்கூடத் தாங்க முடியாது. ஓடு சில்லென்று இருக்குமே என்று குளியலறைத் தரையில் போய் உட்கார்ந்துகொள்வேன். காலையில் தூக்கமில்லாத கண்ணோடு எழுந்தால் யார் பேசினாலும் எரிச்சல் வரும். என் கணவரும் நீங்கள் நினைத்ததையேதான் நினைத்திருக்கிறார். அதை என்னிடம் சொல்ல அவருக்கு நான்கு வருடம் ஆயிற்று. அந்த நான்கு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலம். பீரியட்ஸ் ஒருநாள் சட்டென்று நின்றுவிடும், அத்தோடு முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உடம்பு அதற்கான கணக்கை எப்போது தொடங்குகிறது தெரியுமா? பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போது அதன் சினைப்பைகளில் 60, 70 லட்சம் கருமுட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பருவமடையும்போது 3, 4 லட்சம். வாழ்நாள் முழுக்க மாதம் ஒன்றாக வெளியே வருபவை வெறும் 400, 500. மற்றவை தாமாகவே அழிந்துபோகின்றன. நாற்பதுகளில் இருப்பு தீரத் தொடங்கும்போது, சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரே சீராகக் குறைவதில்லை. ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் சரியும். மூளையில் உடல் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் பகுதி இதில் தடுமாறி, சின்னச் சூட்டையும் பெரிய காய்ச்சல் போல எடுத்துக்கொண்டு வியர்வையைத் திறந்துவிடுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு. அடிக்கடி வருகிறவர்களுக்குச் சராசரியாக ஏழு வருடத்துக்கும் மேல் நீடிக்கிறது.

கையைத் தட்டிவிடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அதை எந்தப் பெண்ணும் லேசில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிந்து வறண்டுபோகிறது. அப்போது உடலுறவு மணலை வைத்துத் தேய்ப்பது போல வலிக்கும். சில பெண்களுக்கு அடுத்த நாள் சிறுநீர் கழிக்கும்போதும் எரியும். இரண்டு மூன்று முறை வலித்துவிட்டால் உடம்பு அதை நினைவு வைத்துக்கொள்கிறது. அப்புறம் தோளில் சாதாரணமாக ஒரு கை விழுந்தால்கூட, அடுத்து என்ன வரப்போகிறது என்று தசைகள் இறுகிக்கொள்ளும். ஆசை இருந்தும் விலகுகிற பெண்கள் பலர் இதனால்தான் விலகுகிறார்கள்.

அதனால் "என்னைப் பிடிக்கவில்லையா" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவருக்குப் பிடித்திருக்கிறது என்றாலும் வலியைச் சொல்ல அதில் இடமில்லை. "ராத்திரி தூக்கமே இல்லையே, ரொம்ப வேர்க்கிறதா? என்னோடு இருக்கும்போது வலிக்கிறதா?" என்று கேளுங்கள். படுக்கையில் வேண்டாம். பகலில், வெளிச்சத்தில், இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும்போது கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். கேட்டது அவருக்குள் இருக்கும். வேறு மனக்குறையும் இருக்கலாம். அப்படிச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

இதற்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. சூடு அலைகள் காலப்போக்கில் தாமாகக் குறையலாம். வறட்சி அப்படியில்லை, கவனிக்காமல் விட்டால் கூடிக்கொண்டேதான் போகும். தண்ணீர் சார்ந்த ஜெல் போதுமானதாக இருக்கலாம். இல்லையென்றால் உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீமை மருத்துவர் எழுதித் தருவார். சூடு அலைகளுக்கு ஹார்மோன் மாத்திரையும் உண்டு, ஆனால் அதைச் சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2002-இல் அமெரிக்காவில் அந்த மாத்திரைகளைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். இந்தப் பயம் பரவியது அதிலிருந்துதான். அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60-க்குள் அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு போன்றவை முன்பு வந்தவர்களுக்கு ஒத்துவராது. எனவே மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். தைராய்டு கோளாறும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் அதையும் பார்த்துவிடுவார்கள்.

உங்கள் விஷயத்தை ஒற்றை வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதில்தான் கவலை அதிகம். ஐம்பதுகளில் விறைப்பு முன்பு போல இல்லாததும், நேரம் எடுப்பதும், எப்போதாவது தவறுவதும் சாதாரணம். ஆனால் அடிக்கடி நடந்தால் இதயத்தைப் பார்த்தே ஆகவேண்டும். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான், இதயத்தின் குழாய்கள் அதைவிடப் பெரியவை. அடைப்பு இரண்டிலும் சேர்ந்தே வளர்ந்தாலும் சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். மாரடைப்புக்கு இரண்டு முதல் ஐந்து வருடம் முன்பே இப்படித் தெரிய ஆரம்பித்தவர்கள் நிறைய. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் இந்த வாரமே பரிசோதியுங்கள். நீங்களாக விறைப்புக்கான மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதோடு இதைச் சேர்த்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். உங்களுக்கு இப்படி இருக்கிறது என்பதையும் மனைவியிடம் சொல்லுங்கள். அவரும் ஒரு வருடமாக, தன் உடம்பு மாறியதால்தான் உங்களுக்கு இப்படி ஆகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

சிகிச்சை பலன் தரச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை உடலுறவு வேண்டாம் என்று நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள். அடுத்ததற்கான தொடக்கமாக இல்லாமல் கை பிடிப்பதும் கால் அமுக்கிவிடுவதும் அப்போதுதான் அவருக்குச் சுகமாக இருக்கும். அறையில் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். தனித்தனிப் போர்வை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயங்கள் பாக்கி. பீரியட்ஸ் தாறுமாறாக வரும் இந்தக் காலத்திலும் கரு உண்டாகலாம். 50 வயதுக்குள் நின்றால், கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு வருடம்வரை கருத்தடை தேவை. முழுதாக ஒரு வருடம் நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
அக்கா